மண்தரையில் பைக் ஓட்டத் தொடங்குவோர்க்கு: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

மண்தரையில் ஓடும் டர்ட் பைக் மீது ஆசை கொண்டவர்கள் முதலில் கேட்பது எந்த வண்டியை வாங்கலாம் என்பதைத்தான். வடசென்னையில் குடியிருப்பவர் அதற்கு முன்பே எந்த மண்ணில், யாருடைய இடத்தில் ஓட்டப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது. ராயபுரத்திலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ புறப்படும் ஒருவர், ஓட்டத்தக்க மண்தரையை எட்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் துறைமுகச் சாலைகளையும் மாதவரம், மணலிப் பகுதிகளின் நெரிசலையும் கடந்தாக வேண்டும். ஆகவே வண்டி அந்தச் சாலைகளில் தானே ஓடிச் செல்லக்கூடியதா, அல்லது குட்டியானை எனப்படும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிச் செல்லப்பட வேண்டியதா என்பது முதலில் தெளிவாக வேண்டும். வண்டியின் விலை, எடை, இருக்கையின் உயரம், பராமரிப்புச் செலவு, வீட்டில் அதை நிறுத்தும் இடம் ஆகிய அனைத்தும் இந்த ஒரு முடிவைச் சார்ந்தே அமைகின்றன.

எல்லா டர்ட் பைக்கையும் சாலையில் ஓட்டலாமா?

ஓட்ட முடியாது. ஒரே பெயரால் அழைக்கப்படும் இவ்வண்டிகள் சட்டத்தின் பார்வையில் இரு வேறு வகைகள். மேடுபள்ளமான மண்தளத்தில் நடக்கும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கென்றே செய்யப்படும் கவாசாகி கேஎக்ஸ் 250 போன்ற வண்டிகளுக்கு முகவிளக்கு, இண்டிகேட்டர், பின்பார்வைக் கண்ணாடி எதுவும் கிடையாது, அவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்யவும் இயலாது. பதிவு இல்லாத வாகனத்தை ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 39-ஆம் பிரிவில் தடை செய்கிறது. பொது இடம் என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கமும் விரிவானது: பொதுமக்களுக்குச் செல்லும் உரிமை உள்ள எந்த இடமும் அதில் அடங்கும் என்பதால், கடற்கரை மணலும் ஊர்ப் பொட்டலும் ஏரிக்கரைப் பாதையும்கூடத் தெருவுக்குச் சமமாகவே கொள்ளப்படும். இத்தகைய வண்டியைச் சுற்றுவேலி உள்ள தனியார் தளத்துக்குள் மட்டுமே இயக்க வேண்டும். வீட்டிலிருந்து தெருமுனை வரை ஓட்டிப் பார்ப்பதும் குற்றமே.

பதிவெண்ணும் காப்பீடும் பெற்றுச் சாலையிலும் மண்ணிலும் ஓடக்கூடியவை இரண்டாம் வகை. ஹீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200, அதன் வழியில் 2025-இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210, கவாசாகி கேஎல்எக்ஸ் 230, கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஏற்கெனவே வீட்டில் நிற்கும் சாதாரண பைக்கின் மட்கார்டைக் கழற்றி, குமிழ்கள் எழும்பிய பட்டன் டயர் மாட்டி, சைலன்சரை மாற்றி டர்ட் பைக்காக்கிக்கொள்ளலாமே என்று எண்ணுபவர்கள், பதிவுச் சான்றில் கண்ட அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதை அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, சாதாரண பைக்கின் சேஸிஸ் என்ற சட்டகமும் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் குதித்து இறங்கும் அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வெல்டிங் விட்டுப்போகும் இடம் பெரும்பாலும் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியாத இடமாகவே இருக்கும்.

எங்கே ஓட்டுவது?

மோட்டார் பந்தயத்துக்கும் வடசென்னைப் புறநகருக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் இருந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல பத்தாண்டுகள் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பின்னர் பந்தயங்கள் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்துக்கு இடம்பெயர்ந்தன. சோழவரத்தைக் கேள்விப்பட்டு, அந்தப் பக்கம் போனால் ஓட்டலாம் என்று நம்பிப் புறப்படும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல நேர்கிறது.

புழல், சோழவரம் ஏரிகள் சென்னையின் குடிநீர்த் தேக்கங்கள். கோடையில் நீர் வற்றி வெடித்துக் கிடக்கும் ஏரிப்படுகை எவ்வளவுதான் ஆசை காட்டினாலும் அதில் வண்டியை இறக்கக் கூடாது. கரையில் சக்கரம் அறுத்த தடத்தின் வழியேதான் அடுத்த மழையில் மண் சரியத் தொடங்கும். எண்ணூர்க் கழிமுகத்தின் ஓரங்களும் அப்படியே. அலையாத்திச் செடிகளும் உப்பளங்களும், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறும் கலந்து கிடக்கும் அந்த நிலத்தில், மேலே காய்ந்தது போலத் தோன்றும் படலத்துக்குக் கீழே சக்கரம் அச்சு வரை புதையும். அதைவிட முக்கியமானது, அது இறால் தடவியும் நண்டு பிடித்தும் வாழும் குடும்பங்களின் தொழிலிடம் என்பது. பழவேற்காடு ஒரு பறவைகள் சரணாலயம். எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான கடற்கரை மணலில் ஜனவரி தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. இந்த இடங்களில் எதையும் பயிற்சித் தளமாக எண்ணக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

எஞ்சுவது தனியார் நிலம். பெரியபாளையம், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் அறுவடை முடிந்த வயல், தோப்பை ஒட்டிய தரிசு, மனை பிரித்துப் போட்டு வீடு எழும்பாமல் கிடக்கும் நிலம் ஆகியவற்றை உரிமையாளரின் ஒப்புதலோடு பயன்படுத்த முடியும். ஒப்புதல் என்பது காவலாளியிடம் கைகாட்டிவிட்டு நுழைவதைக் குறிக்காது. உரிமையாளரைப் பார்த்து, எத்தனை வண்டிகள், எந்த நேரம், எந்த எல்லைக்குள் என்று பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் நாளில் வண்டியை நிறுத்திவிட்டு நிலம் முழுவதையும் நடந்து பாருங்கள். மூடப்படாத தரைக்கிணறு, போர்வெல் குழாய், மனை எல்லைக் கல், அறுந்து கிடக்கும் முள்கம்பி ஆகிய நான்கும் இவ்வட்டார நிலங்களில் வழக்கமாக இருப்பவை. வேகமாக வருபவரின் கண்ணில் இவற்றுள் ஒன்றும் படாது. மாடு மேய்ப்பவர்கள் வரும் நேரத்தையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். சைலன்சரின் ஓசை ஊருக்குள் கேட்டால் அந்த நிலம் ஒரே மாதத்தில் கைவிட்டுப் போகும்.

முறையான பயிற்சிக்கு ஒருமுறையேனும் வெளியூர் செல்வது பயனுள்ளது. பல நாள் நீளும் நெடுந்தூர டாக்கர் பந்தயத்தில் 2015-இல் கலந்துகொண்ட முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ், பெங்களூருவை அடுத்த கோலாரில் பிக் ராக் டர்ட்பார்க் என்ற பயிற்சிக் களத்தை உருவாக்கியுள்ளார். தேர்ந்த பயிற்றுநரின் கண்பார்வையில் இரண்டு நாள் ஓட்டுவது, தனியே பல மாதங்கள் ஓட்டித் தவறான பழக்கங்களை உடம்பில் ஏற்றிக்கொள்வதைவிட மேலானது.

எந்த வண்டி?

தொடக்கநிலையில் இருப்பவர் பதிவெண் பெறக்கூடிய, குறைந்த சிசி உள்ள, உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் வண்டியையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்பல்ஸ் 200-இன் நான்கு வால்வு வடிவம் ஏறத்தாழ 160 கிலோ எடையும் 825 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் கொண்டது. கேஎல்எக்ஸ் 230 சுமார் 140 கிலோதான். ஆனால் இருக்கை 880 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேஎக்ஸ் 250 இன்னும் இலகுவானது, சுமார் 110 கிலோ. அதன் இருக்கையோ 950 மில்லிமீட்டர். இருக்கையில் அமர்ந்தபடி இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிய வேண்டியதில்லை. ஒரு காலின் முன்பாதம் உறுதியாக ஊன்றினால் போதும். உயரத்தைவிட எடைக்கே அதிகக் கவனம் கொடுங்கள். மண்ணில் வண்டி விழும், அதைத் தூக்க வேண்டியவர் நீங்களே. ஒரே காலையில் பலமுறை தூக்க முடியாத வண்டி உங்களுக்கான வண்டி அன்று.

டூ ஸ்ட்ரோக் நல்லதா, ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதா என்ற விவாதம் முடிவில்லாதது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எடை குறைந்தது, பிரித்துப் பூட்டுவதற்கு எளிது. ஆனால் அதன் இழுவிசை குறிப்பிட்ட வேகச் சுழற்சியை எட்டியதும் திடீரென்று பாயும், அது பழகாத கைக்குக் கடினம். பல பந்தய வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலைக் கையால் கலக்க வேண்டியும் இருக்கும்: 40-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லிலிட்டர். கலவை விகிதத்தை வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெட்ரோல் மட்டும் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சீரான இழுவிசை தரும் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியே பழகுவதற்கு ஏற்றது.

பழைய வண்டி வாங்கலாமா?

வாங்கலாம், கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உட்புறக் குழாயை விரலால் துடைத்துப் பாருங்கள். அங்கே தூசி இருந்தால் அது எஞ்சினுக்குள்ளும் போயிருக்கிறது என்று பொருள், அந்த வண்டியை விட்டுவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள்; நீங்கள் போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லுங்கள். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் தட்டி நிற்குமானால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, வளைந்த ரிம், சேஸிஸின் கழுத்துப் பகுதியில் புதிதாக அடித்த பெயிண்ட் ஆகியவற்றையும் தேடுங்கள்.

வடசென்னையில் கூடுதலாக ஒன்று உண்டு. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எண்ணற்ற இருசக்கர வாகனங்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அவை துடைத்துப் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வருவது இயல்பு. முகவிளக்கின் உட்புறத்தில் சேற்றுக் கோடு, வயர் இணைப்புகளில் பச்சை படிந்த களிம்பு, பால் கலந்தது போன்ற எஞ்சின் ஆயில் ஆகியவை தண்ணீர் புகுந்ததைக் காட்டிக்கொடுக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்டு, கடன் நிலுவை உள்ளதா என்பதை அரசின் எம்-பரிவாகன் செயலியில் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

பாதுகாப்பு உடைகள்

ஹெல்மெட், பூட்ஸ், முழங்கால் கவசம் என்ற வரிசையில் பணத்தைச் செலவிடுங்கள். மார்புக் கவசமும் முழங்கைக் கவசமும் கையுறையும் அடுத்தவை. ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மண்ணில் ஓட்டுவதற்கு நீண்ட முகப்பும் கண்ணாடிக் கவசத்துக்கு மாற்றாகத் தனி காகிள்ஸும் கொண்ட வகை, மூச்சு முட்டாமல் காற்றோட்டம் தரும். பலர் பூட்ஸில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். வண்டி சாயும்போது கால் அதன் அடியில் சிக்குவதே தொடக்கநிலையில் அதிகம் நிகழும் காயம் என்பதால், கணுக்கால் திருகாமல் தடுக்கும் கனமான ஆஃப்ரோட் பூட்ஸுக்குச் சாதாரண ஷூ ஒருபோதும் ஈடாகாது. ஜி.பி. ரோட்டுக் கடைகளில் நேரில் அணிந்து பார்த்து வாங்குவது இணையத்தில் அளவைக் கணித்து வாங்குவதைவிட நல்லது.

சென்னை வெயிலில் இத்தனையும் அணிய முடியுமா என்ற கேள்வி நியாயமானது. வெயிலுக்காகக் கவசத்தைக் குறைப்பதைவிட ஓட்டும் நேரத்தை மாற்றுவதே சரியான வழி. விடியும்போது தொடங்கி ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் எட்டு மணிக்கே நிறுத்துங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலை அரைமணிக்கு ஒருமுறை பருகுங்கள். தலை சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே கவசங்களைக் கழற்றி நிழலில் படுக்க வேண்டும். உடலை நனைத்துக் குளிர்விப்பதோடு மருத்துவ உதவியையும் நாட வேண்டும்.

ஓட்டப் பழகுவது எப்படி?

முதல் பாடம் நிற்பது. கால் வைக்கும் ஃபுட்பெக்கின் மேல் எழுந்து நின்று, முழங்கால்களைச் சற்று மடக்கி, அவற்றால் டாங்கை இறுக்கிப் பிடித்து, முழங்கைகளை வெளிப்புறமாக உயர்த்தி, தலை ஹேண்டில்பாருக்கு நேர்மேலே இருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். உடலின் எடை கால்களில் இறங்க வேண்டும், கைகளில் தொங்கக் கூடாது. இந்த நிலையில் வண்டி உங்களுக்குக் கீழே தன் போக்கில் ஆடினாலும் உங்கள் உடல் நிலைகுலையாது. பார்வை முன்சக்கரத்தின் மேல் இருந்தால் ஒவ்வொரு கல்லும் அச்சமூட்டும். செல்ல விரும்பும் இடத்தைப் பாருங்கள், வண்டி அங்கே செல்லும். பள்ளத்தையே உற்றுப் பார்ப்பவர் பள்ளத்தில்தான் இறங்குவார்.

முதல் சில வாரங்களுக்கு வேகத்தை முற்றிலும் மறந்துவிட்டு, முதல் கியரில் நடைவேகத்தில், கிளட்சைப் பாதி பிடித்தபடி, கால் தரையில் படாமல் எட்டு வடிவில் சுற்றுங்கள். மெதுவாக ஓட்டத் தெரிந்தவரே வேகமாகவும் ஓட்ட முடியும் என்பதை ஒரே காலைப் பயிற்சியில் உணர்வீர்கள். கிளட்சுக்கும் முன்பிரேக்குக்கும் ஒன்று அல்லது இரண்டு விரல்கள் போதும். மற்ற விரல்கள் கைப்பிடியை விட்டு விலகக் கூடாது. மண்ணில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது தவறு. வண்டியை நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்பிரேக்கில்தான் இருக்கிறது. திருப்பத்தில் இருக்கும்போது அதைப் பிடிப்பதும், எங்கே என்றாலும் அதைச் சட்டென்று கவ்வுவதும்தான் விழவைக்கும். நேராகச் செல்லும்போது மெல்ல அழுத்தத்தைக் கூட்டிப் பழகுங்கள். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பின்சக்கரத்தில் இருந்து, அதை அணைக்கும் வசதியும் உள்ள வண்டியானால், மண்ணில் அணைத்து வைக்கலாம். சாலையேறும்போது மீண்டும் இயக்க மறக்கக் கூடாது.

திருப்பத்தில் இருக்கையின் முன்பகுதிக்கு நகர்ந்து அமர்ந்து, உட்புறக் காலை முன்னோக்கி நீட்டி, வெளிப்புற ஃபுட்பெக்கில் எடையை அழுத்துங்கள். சாலையில் உடலும் வண்டியும் சேர்ந்து சாயும். மண்ணில் வண்டியை மட்டும் சாய்த்து உடலை நிமிர்த்தி வைக்க வேண்டும். சாலையில் பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கே இது கடினமாக இருக்கிறது.

இனி மண்ணின் குணம். செங்குன்றம் பக்கத்துச் செம்மண் கிராவல் மேலே உருளும் பொடிக்கற்களும் அடியில் இறுகிய தரையுமாக இருக்கும்; அதில் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். பொன்னேரி, மீஞ்சூர் வயல்களின் களிமண் காய்ந்திருக்கும்போது நல்ல பிடிப்புத் தரும். ஒரு தூறல் விழுந்தாலே டயரின் பட்டன்களுக்கு இடையே அப்பி, சக்கரத்தை மட்கார்டோடு சேர்த்து நிறுத்திவிடும். மழைக்கு மறுநாள் அங்கே போகாமல் இருப்பதே நலம். மணற்பாங்கான நிலத்தில் தயங்கினால்தான் முன்சக்கரம் புதையும்: ஒரு கியர் கூட்டி, எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) சீராகத் திறந்தபடியே சென்றால் ஹேண்டில் ஆட்டம் தானாக அடங்கும். நிறுத்த வேண்டுமானால் பிரேக் வேண்டாம், திராட்டிலை மூடினாலே வண்டி நின்றுவிடும்.

பராமரிப்பு

ஏர் ஃபில்டரில் தொடங்குங்கள். தூசியில் ஓட்டிய ஒவ்வொரு நாளுக்குப் பிறகும் அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஃபோம் வகையானால் கழுவி, நிழலில் முழுவதும் உலர்த்தி, அதற்குரிய ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள். காகித வகையைக் கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். பந்தய வண்டிகளின் எஞ்சின் ஆயிலையும் பிஸ்டனையும் கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவதில்லை, ஓடிய மணிக் கணக்கில்தான் மாற்றுவார்கள். அதனால் மணி காட்டும் மீட்டர் ஒன்றைப் பொருத்திக்கொள்வது அவசியம்.

கடலை ஒட்டி வாழ்பவர்களின் வண்டிக்குத் தனிக் கவனம் தேவை. காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பகுதிகளின் உப்புக்காற்றில் ஸ்போக்ஸ் என்ற சக்கரக் கம்பிகள், அவற்றை ரிம்மில் பூட்டும் நிப்பிள், செயின், பிரேக் பின்கள் ஆகியவை நின்ற இடத்திலேயே துருப்பிடிக்கும். பலர் போர் தண்ணீரில் வண்டியைக் கழுவித் துருவை இன்னும் வளர்த்துவிடுகிறார்கள்; கடல்நீர் ஊடுருவியதால் மீஞ்சூர் வட்டாரத்திலும் கடலோரத் தெருக்களிலும் நிலத்தடி நீர் உவர்ப்பாகவே இருக்கிறது. சேற்றைப் போக்க அந்த நீரைப் பயன்படுத்தினாலும், கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி மெட்ரோ தண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றுங்கள். பிரஷர் கன்னைப் பேரிங், ஏர்பாக்ஸ், வயர் இணைப்புகளின் பக்கம் திருப்பக் கூடாது. கழுவியபின் சிறிது தூரம் ஓட்டி ஈரத்தை விரட்டி, செயினைத் துடைத்து மசகு (லூப்) ஸ்ப்ரே அடியுங்கள். செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் போதும். பெட்ரோல் அதன் ரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும்.

ஸ்போக்ஸை வாரம் ஒருமுறை ஸ்பேனரால் மெல்லத் தட்டிப் பாருங்கள். வீணைத் தந்தியைப் போல எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. டயரில் காற்றழுத்தத்தைச் சாலைக்குச் சொன்ன அளவிலிருந்து இறக்கி 18-20 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் மண்ணில் பிடிப்பு கூடும், ஆனால் டியூப் உள்ள சக்கரத்தில் அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மில் நழுவி வால்வை அறுத்துவிடலாம். திரும்பும்போது முதல் பங்க்கிலேயே காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை வடித்துவிட வேண்டும். இப்போது விற்கப்படும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும்.

மழைக்காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தேங்கிய நீருக்குள் வண்டி அணைந்துவிட்டால், மீண்டும் மீண்டும் செல்ஃப் அடிப்பது எஞ்சினையே உடைத்துவிடும். தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றி, ஆயிலின் நிறத்தைப் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய முயல வேண்டும்.

பிள்ளைகள் ஓட்டலாமா? காப்பீடு உதவுமா?

சிறுவர்களுக்கென்றே சிறிய வண்டிகள் உள்ளன. வேலியிட்ட தளத்தில், பயிற்றுநரின் மேற்பார்வையில், முழுக் கவசத்தோடு அவர்கள் தாராளமாகப் பழகலாம். தெருவில் ஓட்டினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். காப்பீட்டைப் பொறுத்தவரை, வழக்கமான மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது. களத்தில் உடையும் பாகங்களுக்கு உங்கள் கைப்பணத்தையே ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கென்று தனியான மருத்துவக் காப்பீட்டை வண்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே எடுத்து, சாகச விளையாட்டுகளை அது விலக்கி வைத்திருக்கிறதா என்பதையும் படித்துப் பாருங்கள். தனியாக ஒருபோதும் ஓட்டாதீர்கள். உடன் வருபவரிடம் முதலுதவிப் பெட்டியும், 108-க்கு அழைத்தால் வழி சொல்லும் அளவுக்கு அந்த நிலத்தின் இருப்பிட விவரமும் இருக்க வேண்டும்.